மரத்துல இருந்து விழுறதும் விபத்துதாங்க ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து எழுதறேன். சத்துணவு அமைப்பாளரா வேலை பாத்து ரிட்டயர் ஆனவ. எங்க மாமனார் காலத்துல இருந்து வீட்டுல நம்ம பேப்பர்தான். தொப்பூர் கணவாய்ல லாரி பிரேக் புடிக்காம மோதுனாலும், சூளகிரி பர்கூர் பக்கம் ஹைவேல பைக்ல போறவன அடிச்சுட்டுப் போனாலும் மறுநாளே போட்டோவோட போட்டுடறீங்க. போடணும், அத கொற சொல்ல வரல. நீங்கல்லாம் விடாம எழுதுனதாலதான் தொப்பூர்ல மேம்பாலச் சாலை வரைக்கும் பேச்சு வந்துச்சு. ஆனா மரத்துல இருந்து விழுந்தவன், கெணத்துல சறுக்குனவன், பாத்ரூம்ல வழுக்கி இடுப்பு ஒடிஞ்ச கெழவி, இவங்கள பத்தி எங்கயாச்சும் செத்துப்போனா ரெண்டு வரி வருது, பொழச்சுக் கெடந்தா அதுவும் இல்ல. ஊர்லயும் அப்படித்தான். "என்னாச்சு"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல, சும்மா வுழுந்துட்டாரு"ன்னுதான் பதில் வரும். இந்த "சும்மா"தான் எனக்குத் தாங்கல, அதனாலதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, நடுவுல இன்சூரன்ஸ் பத்தி எழுதியிருக்கறத மட்டும் விட்டுடாதீங்க.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குல வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்தே சாகறாங்களாம். எதிர்பாராம அடிபட்டு சாகறதுல ரோட்டு விபத்துக்கு அடுத்த எடம் இதுக்குத்தான். அதுல 80 சதவீதத்துக்கு மேல நம்மள மாதிரி வசதி கொறஞ்ச, நடுத்தர நாடுகள்ல. டாக்டர்கிட்ட காட்டுற அளவுக்கு அடிபடறவங்க வருஷத்துக்கு 3 கோடியே 73 லட்சம் தடவை. இத படிச்சப்ப எனக்கு ஆச்சரியமே வரல, எங்க ஒரு குடும்பத்துலயே எத்தன பேரு விழுந்திருக்கோம்னு நெனச்சுப் பாத்தேன்.

நான் பொறந்தது பாலக்கோடு பக்கம். அப்பல்லாம் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் கெடையாது, எல்லாம் தர்மபுரிதான், 2004லதான் பிரிச்சாங்க. நாலாவது படிக்கறப்ப எங்க கொல்லையில புளி உலுக்குற நாள், ஆம்பளைங்க மேல ஏறி உலுக்குவாங்க, நாங்க கீழ பொறுக்குவோம், பொறுக்கறது போதும்னு நானும் ஒரு கிளைக்கு ஏறிட்டேன், புளிய மரம் லேசுல ஒடியாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஒடியவும் இல்ல, கால்தான் வழுக்குச்சு. எடது கைய ஊனி விழுந்தேன். முழங்கை பக்கத்துல எலும்பு ஒடிஞ்சு கை ஒரு மாதிரி கோணிக்கிச்சு. ஆயா என்ன மடியில போட்டுக்கிட்டு மொதல்ல செஞ்ச வேலை தண்ணி தெளிச்சு, வேப்பிலையால மந்திரிச்சு, விழுந்த எடத்து மண்ண எடுத்து சுத்திப் போட்டது. அப்பறம் நைனா என்ன தோள்ல தூக்கிக்கிட்டு பக்கத்து ஊருல கட்டு கட்டறவர்கிட்ட போனாரு. அவரு இழுத்து வச்சாரு பாருங்க, அந்த வலி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. முட்டை வெள்ளக்கருவும் உளுந்து மாவும் கொழச்சு துணியில தடவி சுத்தி, மேல மூங்கில் பத்தை வச்சு, நூல் கயித்தால இறுக்கிக் கட்டுனாரு. ராத்திரி ஆனா விரலெல்லாம் வெண்டைக்கா மாதிரி வீங்கி, கலரு மாறி ஊதாவா ஆயிடுச்சு. நான் அழுத அழுகையில எங்க பெரியம்மா எழுந்து வந்து, யாரையும் கேக்காம அருவாமனையில வச்சு அந்தக் கட்ட அறுத்து விட்டாங்க. கட்ட அறுத்ததுக்கு மறுநாள் வீட்டுல பெரிய சண்டை. ஆனா என் கை இன்னிக்கு இருக்குன்னா அந்த பெரியம்மாவாலதான்னு எங்க ஊருக்கு வந்த ஒரு டாக்டரம்மா ரொம்ப வருஷம் கழிச்சு சொன்னாங்க.

முழுசா நீட்ட வராது, இன்னிக்கும். கல்யாணத்துக்கு வளையல் போட வந்த வளையல்காரம்மா எடது கைய பாத்துட்டு எங்கம்மாவ பாத்தாங்க, அம்மா தலைய குனிஞ்சுக்கிட்டாங்க. அவ்வளவுதான், அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கொறையில்ல. எங்க கிளாஸ்ல இன்னொரு பையன் இருந்தான், அவனும் அதே மாதிரி முழங்கை ஒடிஞ்சு அதே மாதிரி கட்டு, அவனுக்கு அறுத்து விட யாரும் இல்ல. விரலெல்லாம் கோழிக்கால் மாதிரி மடங்கியே போச்சு, பேனா புடிக்க வராம ஆறாவதோட நின்னுட்டான். கட்டு ரொம்ப இறுகுனா சதைக்குள்ள ரத்த ஓட்டம் நின்னுடும், சில மணி நேரத்துலயே சதை செத்துப் போக ஆரம்பிச்சிடும், அப்பறம் எத்தன ஆபரேஷன் பண்ணாலும் பழைய கை வராது. விரல் வீங்கி நீலம் பாரிச்சாலோ, மரத்துப் போனாலோ, விரல லேசா நீட்டி விட்டாலே உயிர் போற மாதிரி கத்துனாலோ, அது கட்டு வேலை செய்யுதுன்னு அர்த்தம் இல்ல, உடனே பிரிக்கணும். இத சொல்ல பெரிய படிப்பு வேணாம், ஆனா கட்டு கட்டற எடத்துல "வலிச்சாதான் கூடும், பொறுத்துக்கோ"ன்னு சொல்லி அனுப்பிடறாங்க. ஆந்திராவுல புத்தூர் கட்டு பேர் போனது, நம்ம ஜனங்க காலங்காலமா பஸ் ஏறிப் போறாங்க, நான் அந்த ஊர பத்தி பேசல. அந்தப் பேர போர்டுல எழுதி வச்சுக்கிட்டு எக்ஸ்ரே கூட பாக்காம மூலைக்கு மூலை கட்டறாங்களே, அதத்தான் சொல்றேன். பிரண்டை தொவையலும் ஆட்டுக்கால் சூப்பும் தாராளமா குடுக்கட்டும், நானும் குடுத்திருக்கேன், அதெல்லாம் எலும்பு நேரா உக்காந்ததுக்கு அப்பறம்.

கெணறு பத்தி தனியா ஒரு கடிதமே எழுதலாம். நம்ம பக்கத்துக் கெணறெல்லாம் ஆழம், பாதிக்கு சுத்துச்சுவரே இருக்காது, சுவத்துல நீட்டிக்கிட்டு இருக்கற கல்லுதான் படி. எங்க அண்ணன் மேல இருந்து குதிச்சு அந்தக் கல்லுல நெத்தி பட்டு தையல் போட்டது, பக்கத்து வீட்டு பசு மாடு இருட்டுல போயி விழுந்தது, இதெல்லாம் எல்லா ஊருலயும் நடக்கறதுதான். ரோட்டோரத்துல சுவரில்லாத கெணறு இன்னும் இருக்கு, பைக்கும் காரும் உள்ள போயிருக்கு, அதையாவது கணக்கெடுத்து சுவர் கட்டுனா புண்ணியமா போகும்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போறவங்க பாறையில சறுக்கறத நீங்களே வருஷா வருஷம் பாக்கறீங்க. எண்ணெய் மசாஜ் பண்ணிக்கிட்டு அதே எண்ணெய் காலோட பாறையில நடக்கறாங்க, ஈரமும் பாசியும் வேற. எங்க நாத்தனார் அங்கதான் முட்டிய ஒடச்சுக்கிட்டாங்க.

அடுத்து சேலை. இத பொம்பளைங்கதான் எழுதணும், அதனால எழுதறேன். எனக்கு கல்யாணம் ஆகி கொஞ்ச வருஷத்துல எங்க வீட்டுக்காரர் செகண்ட் ஹேண்ட்ல ஒரு டிவிஎஸ் 50 வாங்குனாரு. சந்தைக்குப் போயிட்டு வர்றப்ப முந்தானை பின் சக்கரத்துல சிக்கி என்ன அப்படியே பின்னால இழுத்துப் போட்டுச்சு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு சொல்ற மாதிரி, முதுகு பூரா செராய்ப்பு, காதுகிட்ட ஒரு வெட்டு, அதோட போச்சு. செராய்ப்புல காபித்தூள் வைக்க வந்தவங்கள தடுத்து வெறும் தண்ணியில கழுவி டிடி ஊசி போட கூட்டிட்டுப் போனது எங்க கொழுந்தனாரு, அவர பத்தி கீழ வரும். அந்த வண்டிக்கு சேலை சிக்காம இருக்க வைக்கற கம்பித் தடுப்பு இருந்திருக்கு, முன்னாடி வச்சிருந்தவரு லோடு கட்ட எடஞ்சல்னு கழட்டிட்டாரு. பின் சக்கரத்துல பாதியாவது மூடுற மாதிரி தடுப்பு இருக்கணும்னு 1989 மத்திய மோட்டார் வாகன விதியிலயே இருக்கு, பின்னாடி உக்கார்றவங்களுக்கு புடிச்சுக்க கைப்பிடியும் கால் வைக்க எடமும் வேணும்னு அதே விதிதான் சொல்லுது. நம்ம கிராமத்துல ஓடுற வண்டிங்கள்ல எத்தனையில அது இருக்குன்னு போலீஸ்காரங்க ஹெல்மெட் புடிக்கறப்பவே ஒரு கண்ணு பாக்கலாம்.

இப்ப எங்க கொழுந்தனாரு விஷயத்துக்கு வர்றேன். இதுக்காகத்தான் முக்கியமா பேனாவ எடுத்தேன்.

கிருஷ்ணகிரின்னா மாங்கா. செந்தூரா, பீத்தர், அல்போன்சா, மல்கோவா எல்லாம் இருக்கு, ஆனா மாங்கூழ் பேக்டரிக்கு லோடு லோடா போறது பெங்களூரா, தோத்தாபுரின்னும் சொல்லுவாங்க. எங்க பக்கத்து தோப்பெல்லாம் தாத்தா வச்ச மரம், ஒவ்வொண்ணும் ரெண்டு மாடி ஒசரம். வியாபாரி தோப்ப குத்தகைக்கு எடுப்பாரு, அவரு ஆளு கூட்டிட்டு வருவாரு, பெட்டி கணக்குல கூலி. கீழ விழுந்த காய்க்கு வெலை இல்ல, அடிபட்டுடும், அதனால கைக்கு எட்டறத கையாலயும் எட்டாதத வலை கட்டுன கோல்லயும் பறிச்சு கூடையில போட்டு கயித்துல எறக்கணும். கூடைய ஒரு கையில, கோல ஒரு கையில வச்சுக்கிட்டா மரத்த புடிக்க எந்த கை இருக்குன்னு சொல்லுங்க. காம்புப் பால் கண்ணுல தெறிக்கும், செவ்வெறும்பு கூடு கட்டியிருக்கும், ஒரு மழை பேஞ்சுதுன்னா பட்டை வழவழன்னு ஆயிடும், ஆனா மழை வந்தா காய் கெட்டுடும்னு அன்னிக்குத்தான் அவசரம் ஜாஸ்தி.

அவரு சின்ன வயசுல இருந்து மரம் ஏறுறவரு, ஊர்ல யாருக்கு தேங்கா பறிக்கணும்னாலும் அவரத்தான் கூப்புடுவாங்க. ஜூன் மாசம் ராத்திரி மழை பேஞ்சு விட்ட மறுநாள் காலைல மரத்து மேல இருந்து முதுகு அடிபடற மாதிரி விழுந்தாரு. விழுந்த எடத்துல மயக்கம் இல்ல, பேசுனாரு, "அண்ணி, கால் எங்க இருக்குன்னே தெரியல"ன்னு சொன்னாரு. கூட இருந்தவங்க நல்லவங்கதான், பதறிப் போயிட்டாங்க. ஒருத்தர் கைய புடிச்சு, ஒருத்தர் கால புடிச்சு தூக்கி, பைக்ல நடுவுல உக்கார வச்சு, பின்னாடி ஒருத்தர் கட்டிப் புடிச்சுக்கிட்டு, தலை ஒரு பக்கம் தொங்க, மேடு பள்ளம் எல்லாம் ஏறி எறங்கி நேரா கட்டு கட்டற எடத்துக்குப் போயிட்டாங்க. அங்க எண்ணெய் போட்டு நீவி, ரெண்டு நாள் வச்சிருந்து, கால் அசையலன்னதும் "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்பறம் ஸ்கேன், பெங்களூரு, ஆபரேஷன், எல்லாம் ஆச்சு. தண்டுவடம் நசுங்கியிருந்துச்சு. இப்ப வீல் சேர்ல இருக்காரு, வீட்டு வாசல்ல சின்னதா ஒரு கடை வச்சுக் குடுத்திருக்கோம், கணக்கெல்லாம் அவருதான் பாக்கறாரு.

விழுந்தப்பவே தண்டுவடம் போச்சா, பைக்ல மடக்கி வச்சப்ப போச்சான்னு எந்த டாக்டரும் உறுதியா சொல்லல. ஆனா ஒசரத்துல இருந்து விழுந்தவங்கள அப்படியே படுத்த வாக்குல விட்டு, கழுத்தயும் முதுகயும் திருப்பாம, 108க்கு போன் பண்ணி அவங்க பலகையில ஏத்தறதுதான் சரின்னு எல்லா டாக்டரும் சொன்னாங்க. 2008ல இருந்து நம்ம மாநிலத்துல 108 ஓடுது, எங்க ஊர்ல இன்னும் பாதி பேரு அது ரோட்டு விபத்துக்கும் பிரசவத்துக்கும்தான் வரும்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. மரத்துல இருந்து விழுந்தாலும் வரும், மாடியில இருந்து விழுந்தாலும் வரும். ஆம்புலன்ஸ் வர முடியாத எடமும் நம்மகிட்ட இருக்கு, ஓட்டு மெஷின கழுதை மேல ஏத்திக் கொண்டுபோன கோட்டூர் மலை மாதிரி ஊருல இருந்து ஒருத்தர் மரத்துல விழுந்தா டோலி கட்டித்தான் தூக்கி வந்திருக்காங்க. அங்கயெல்லாம் டோலியில மடங்கிப் போகாம கீழ ஒரு கெட்டியான பலகை வச்சுக் கட்டணும்னாவது சொல்லிக் குடுக்கணும்.

இனிதான் இன்சூரன்ஸ். அவரு பேங்க் கணக்குல பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் போட்டிருந்தாரு. 2015ல வந்தது, அப்ப வருஷத்துக்கு 12 ரூபா, 2022ல இருந்து 20 ரூபா, 18 வயசுல இருந்து 70 வரைக்கும் சேரலாம். விபத்துல செத்தாலோ ரெண்டு காலும் முழுசா செயலிழந்தாலோ 2 லட்சம், ஒரு கையோ காலோ போனா 1 லட்சம். நாங்க தெம்பா போய் பேங்க்ல கேட்டோம். விழுந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில காட்டுன சீட்டு எங்கன்னு கேட்டாங்க. எங்ககிட்ட ரெண்டு நாள் கழிச்சுப் போன சீட்டுதான் இருக்கு. கட்டு கட்டறவரு எந்த சீட்டும் தர மாட்டாரு. அலைஞ்சு அலைஞ்சு பாத்தோம், கெடைக்கவே இல்ல. பேங்க்ல இருந்தவங்க மேல கோவம்தான் வந்துச்சு. அப்பறம் திட்டத்தோட கேள்வி பதில் தாள என் பொண்ணு எடுத்துப் படிச்சுக் காட்டுனா. ரோட்டு விபத்து, ரயில் விபத்து, தண்ணியில மூழ்கறது மாதிரின்னா போலீஸ்ல சொல்லியிருக்கணும், பாம்பு கடி, மரத்துல இருந்து விழுறது மாதிரின்னா உடனே போன ஆஸ்பத்திரியோட ரெக்கார்டு ஆதாரமா இருக்கணும்னு அதுல தெளிவா போட்டிருக்கு. "மரத்துல இருந்து விழுறது"ன்னு எழுத்துல இருக்கு ஐயா! நம்ம ஜனங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கு, ஆனா நம்ம ஜனங்க யாருக்கும் தெரியாது. கணக்குல இருந்து 20 ரூபா புடிக்கறாங்கன்னு தெரியும், எதுக்குன்னு தெரியாது.

அதேபோல நம்ம மாநிலத்துல 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச "இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48" நல்ல திட்டம், மொத 48 மணி நேரம் காசு கேக்காம பாக்கறாங்க, எத்தனையோ உசுரு தப்பியிருக்கும். ஆனா அது ரோட்டுல அடிபட்டவங்களுக்கு. மாந்தோப்புல விழுந்தவனுக்கு அந்த 48 மணி நேரம் கெடையாதா? அவன் முதுகுக்கும் அதே அவசரம்தானே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு, உண்மைதான், ஆனா அட்டை வீட்டு பீரோவுல இருக்கும், ஆளு தோப்புல கெடப்பான். தென்னை வளர்ச்சி வாரியம் தென்னை ஏறுறவங்களுக்குன்னே கேரா சுரக்ஷான்னு ஒரு விபத்துக் காப்பீடு வச்சிருக்கு. மாங்காய்க்கு பேர் போன மாவட்டத்துல மாங்கா பறிக்க ஏறுறவங்களுக்கு அது மாதிரி ஒண்ணு வேணும்னு நம்ம எம்எல்ஏ, எம்பி யாராச்சும் கேட்டா நல்லா இருக்கும். தோப்பு குத்தகைக்கு எடுக்கறவரே ஆளுங்களுக்கு இடுப்பு பெல்ட்டும் கயிறும் வாங்கிக் குடுக்கணும்னு ஒரு கட்டாயம் வரணும். பையூர் ஆராய்ச்சி நிலையம் நமக்கு பக்கத்துலயே இருக்கு, தோட்டக்கலை ஆளுங்க அடர்நடவு, அதாவது மரங்கள நெருக்கமா நடுறது பத்தி சொல்றப்ப வெளச்சல் மட்டும் சொல்றாங்க, கவாத்து பண்ணி, கிளைய வெட்டி விட்டு மரத்த குட்டையா வச்சா தரையில நின்னே பறிக்கலாம், ஒருத்தனும் விழ மாட்டான்னு அதையும் சேத்து சொல்லணும்.

எங்க மாமியார் கதை வேற மாதிரி. ஆறு வருஷம் முன்ன, வீட்டுக்கு புதுசா டைல்ஸ் போட்டோம், பாத்ரூம்லயும் அதே பளபள டைல்ஸ். விடியக்காலைல எழுந்து போனவங்க சத்தமே இல்லாம விழுந்திருக்காங்க. நான் போய் பாத்தப்ப வலது கால் பாதம் வெளிப்பக்கமா திரும்பிக் கெடந்துச்சு, அந்தக் கால் மட்டும் இன்னொண்ண விட குட்டையா தெரிஞ்சுது. கொழுந்தனாருக்கு ஆனதுக்கு அப்பறம் நாங்க யாரையும் தூக்க விடல. வீல் சேர்ல உக்காந்துக்கிட்டே அவருதான் எல்லாரையும் அதட்டி "யாரும் தொடாதீங்க, 108 வரட்டும்"ன்னு சொன்னாரு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில தொடை எலும்பு இடுப்புல சேர்ற எடத்துல ஒடிஞ்சிருக்குன்னு சொல்லி காப்பீட்டு அட்டையில ஆபரேஷன் பண்ணாங்க. சொந்தக்காரங்க எல்லாம் "இந்த வயசுல எதுக்கு கத்தி வைக்கறீங்க, படுக்க வச்சுப் பாத்துக்கலாமே"ன்னுதான் சொன்னாங்க. அந்த டாக்டர் தம்பி பொறுமையா வெளக்குனாரு, வயசானவங்க படுத்தே கெடந்தாதான் ஆபத்து, படுக்கைப் புண் வரும், நெஞ்சுல சளி கட்டும், கால் நரம்புல ரத்தம் உறையும், எவ்வளவு சீக்கிரம் எழுந்து நிக்கறாங்களோ அவ்வளவு நல்லது, முடிஞ்சா ரெண்டு நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும்னு. அவங்க வாக்கர் புடிச்சு நடந்து கோயிலுக்குப் போயிட்டு வந்தாங்க, அதுக்கப்பறம் மூணு பேரன் பேத்தி கல்யாணத்த பாத்தாங்க. அந்த டாக்டர் எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும். 2008ல தர்மபுரியில மெடிக்கல் காலேஜ் வந்துச்சு, 2022 ஜனவரியில கிருஷ்ணகிரிக்கும் வந்துடுச்சு. எலும்பு ஒடிஞ்சா சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஓடுன காலம் போயி, பக்கத்துலயே எலும்பு டாக்டருங்க இருக்காங்க. அத தாண்டி கட்டு கட்டற எடத்துக்கு பஸ் ஏறுறாங்களேன்னுதான் வயிறு எரியுது.

பாத்ரூம்ல ஒரு எவர்சில்வர் கைப்பிடி, சொரசொரப்பான டைல்ஸ், ராத்திரி ஒரு சின்ன லைட்டு. வீடு கட்டற காசுல இது ஒரு காசா? மாடிப்படிக்கும் அப்படித்தான். நம்ம ஊருல வெளிப்பக்கமா படி கட்டி, கைப்பிடி அப்பறம் வைக்கலாம்னு விட்டு, வருஷக்கணக்கா அப்படியே ஏறி எறங்கறாங்க. மாடிக்கு கைப்பிடிச் சுவர் இல்லாம கேழ்வரகு காய வைக்கறாங்க. எருது விடும் விழா அன்னிக்கு அந்த மாதிரி மாடியில ஊரே ஏறி நின்னு எட்டிப் பாக்குது, எனக்கு மாடு ஓடுறத பாக்கவே தோணாது, அந்த ஓரத்துல நிக்கற புள்ளைங்களதான் பாத்துக்கிட்டு இருப்பேன்.

போன வருஷம் நானும் வாசப்படியில தடுக்கி வலது மணிக்கட்டு ஒடிஞ்சு மாவுக்கட்டு போட்டேன். வயசான பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நின்னதுக்கு அப்பறம் எலும்பு மெலிஞ்சு போகும், லேசா ஊனினாலே ஒடியும்னு சொன்னாங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் இன்னொரு கஷ்டமும் இருக்கு, போர் தண்ணியில புளோரைடு. குடிதண்ணியில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, நாங்க சின்ன வயசுல குடிச்ச தண்ணியில எவ்வளவு இருந்துச்சோ, என் வயசுக்காரங்க பல்ல பாத்தாலே தெரியும், பழுப்புக் கோடு. அது ரொம்ப வருஷம் உடம்புல சேந்தா எலும்பு பாக்க கெட்டியா இருக்கும், ஆனா ஒடியற தன்மை வந்துடும். 2013ல ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தப்ப எங்க தெருவுல ஆரத்தி எடுத்தோம். அந்தத் தண்ணி வராத நாள்ல இன்னும் போர் தண்ணியத்தான் புடிச்சுக் குடிக்கறாங்க, வேணாம்னு சொன்னா கேக்கறதில்ல. கேழ்வரகுல 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, களி சாப்புட்டு வளந்த ஊரு நம்ம ஊரு, 2023ல தர்மபுரி மாவட்டத்துல ரேஷன்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ கேழ்வரகு குடுக்க ஆரம்பிச்சாங்க, அத மாட்டுக்குப் போடாம புள்ளைங்களுக்கு கிண்டிப் போடுங்கன்னு என் மருமகளுங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்.

இன்னொண்ணு, தலையில அடி. விழுந்து எழுந்தவன் நல்லா பேசறான்னு வீட்டுக்கு அனுப்பிடறாங்க. சில பேருக்கு மண்டைக்குள்ள மெதுவா ரத்தம் கசிஞ்சு சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தூக்கமா தூங்கி எழுப்ப முடியலன்னாலோ, காதுலயோ மூக்குலயோ ரத்தமோ தண்ணியோ வந்தாலோ உடனே ஸ்கேன் இருக்கற எடத்துக்குப் போகணும். சத்துணவு மையத்துல இருந்தப்ப இத நான் எல்லா அம்மாமாருக்கும் சொல்லியிருக்கேன், ஒரு பையன் அதனாலயே பொழச்சான்.

ஆசிரியர் ஐயாவ நான் கேக்கறது இதுதான். நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் விழுந்து அடிபட்டவங்க செய்திய, பொழச்சவங்க செய்தியயும் சேத்து, ரோட்டு விபத்து மாதிரியே போடுங்க. எந்த ஊரு, எந்த மரம், எவ்வளவு ஒசரம், மொதல்ல எங்க கூட்டிட்டுப் போனாங்கன்னு நிருபருங்க கேட்டு எழுதட்டும். அரசு ஆஸ்பத்திரி எலும்பு டாக்டர் ஒருத்தர வச்சு வாரத்துக்கு ஒரு பத்தி எழுத வைங்க. அந்த இன்சூரன்ஸ் விஷயத்த, மரத்துல இருந்து விழுந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரியில காட்டி சீட்டு வாங்கி வைக்கணும்ங்கறத, பெரிய எழுத்துல கட்டம் கட்டிப் போடுங்க, வெட்டி எடுத்து மாங்கா மண்டியில ஒட்டற மாதிரி இருக்கட்டும், எங்க ஊரு மண்டியில நானே போய் ஒட்டறேன். ஏப்ரல் பாதிக்குள்ள வந்துடுச்சுன்னா நல்லது, அதுக்கப்பறம் ஆளுங்க மரம் ஏற ஆரம்பிச்சிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.